என் பெயரில் ஒரு காகித வீடு

ஷாம் ஷுய் போ,
புயல் எச்சரிக்கை மூன்றாம் எண் ஏற்றிய அன்று

அன்புள்ள மூத்த மகள் ச்சிங்-லாமுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை ஹேய்-மான் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். மற்ற அப்பாக்கள் எல்லாம் நலம் என்று ஆரம்பிப்பார்கள், எனக்கு இதை முதலில் எழுத வேண்டியதாகிவிட்டது. மூச்சு வருகிறது, காலையில் இரண்டு கிண்ணம் கஞ்சி இறங்கியது, ரத்த அழுத்தம் மட்டும் உன் வலைப்பக்கத்தைப் பார்த்த நாளிலிருந்து மாடியேறி நிற்கிறது. உன் அம்மாவும் நலம், என்னோடு பேசாததால் கூடுதல் நலம். மான்செஸ்டரில் வெயில் வந்ததா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கடைசியில் கேட்பேன், இப்போது கேட்கிற நிலையில் இல்லை. வலது கட்டைவிரலை மூங்கில் கிழித்துக் கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால் இவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் என் குரல் ஒரு படி ஏறினாலே உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். (அக்கா, ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தத் தயாரிப்பு. கெட்ட வார்த்தைகளை நீக்கியது என் சமூக சேவை, இல்லாவிட்டால் தபால் செலவு இரண்டு மடங்கு.)

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கணினியில் ஒரு இரண்டு மாடி வீடு வரைந்து ‘ஓய்வு மாளிகை’ என்று பெயர் வைத்து அனுப்பினாயே, அதை நீ சொன்ன அளவுக்கு ஒரு நூல் பிசகாமல் கட்டினோம். உன் தங்கை படம் பிடித்து உன் பக்கத்தில் ஏற்றினாள். அந்த வீட்டின் வாசலில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது. மாதிரிக்குச் செய்கிற வீட்டில் அந்தச் சீட்டு வெறுமையாக இருக்க வேண்டும். நீ இந்தப் பட்டறையில் தவழ்ந்தவள், மூங்கில் சிம்பைக் கடித்துப் பல் முளைத்தவள், உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். நாம் காகிதத்தில் கட்டுகிற வீடும் காரும் குளிர்பெட்டியும் எரிந்து புகையாகி, செத்தவர்கள் இருக்கிற அந்தப் பக்கத்தில் யார் வாசலில் போய் இறங்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும். அது முகவரி. உயிரோடு இருக்கிறவன் பெயரை அதில் யாரும் விளையாட்டுக்குக்கூட எழுத மாட்டார்கள். ஆனால் உன் பக்கத்தில், நாற்பது நாட்டுக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள் என்று நீ பீற்றிக்கொள்கிற பக்கத்தில், அந்தச் சீட்டில் கொட்டை எழுத்தில் மோக் சாய்-கின் என்று இருக்கிறது. அது என் பெயர். அறுபத்து மூன்று வருஷமாக அதை நான்தான் உபயோகித்து வருகிறேன். கேட்டதற்கு நீ என்ன சொன்னாய், “நான் எழுதச் சொல்லலைப்பா, யாருன்னு மட்டும் கேக்காதீங்க” என்றாய், அதோடு சிக்னல் போய்விட்டது. (இந்த இடத்தில் பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். அப்பா இழுப்பறையைத் திறந்து நான்கு பேனா எடுத்து வரிசையாக வைத்தார்.)

அந்தப் படத்தை நீ ஒன்பது நாள் கழித்துத்தான் பக்கத்திலிருந்து நீக்கினாய். அந்த ஒன்பது நாளில் என்ன நடந்தது தெரியுமா. என்னோடு பள்ளியில் படித்த சுங் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற வெள்ளை உறையில் ஐந்நூற்றியொரு டாலர் வைத்து உன் அம்மாவுக்கு அனுப்பினான். கடனுக்குக்கூடப் பத்து டாலர் கொடுக்காதவன். முறைப்படி ஒரு மிட்டாயும் ஒரு கைக்குட்டையும் வைத்து நானே பதில் உறை அனுப்பினேன். தன் சாவுக்குத் தானே நன்றி சொன்னவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். மறுநாள் தெருக்கோடி லோ, நம் தொழிலையே செய்கிற அதே லோ, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்து உன் அம்மாவிடம், “அண்ணி, மனசைத் தேத்திக்குங்க, அண்ணன் மாதிரி ஒரு ஆளு இனிமே பொறக்கணும், ஆமா இந்த இடத்தை எப்ப காலி பண்றதா உத்தேசம்” என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறான். நான் மேசைக்கடியில் உருண்டு போன பசைத் தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே, “முப்பது வருஷம் பொறுடா லோ” என்றேன். மனிதன் அலறியது மூன்றாவது மாடிக்குக் கேட்டதாம். (இது உண்மை. ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போனார். அது இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது, பார்த்துக் காகிதத்தில் ஜோடி செய்து கொடுக்கலாமா என்று கேட்டேன், அப்பா முறைத்தார்.)

இதெல்லாம் சிரிப்புக் கணக்கு, விடு. சிரிக்க முடியாதது பாங் அம்மாள் விஷயம். அவள் கணவன் நூடுல்ஸ் வண்டி வைத்திருந்தானே, உனக்கு நெஞ்செலும்புச் சூப்பு காசு வாங்காமல் ஊற்றுவானே, அவன் வசந்தத்தில் போய்விட்டான். செத்தவர்கள் வந்து போகிற ஏழாம் மாதத்தில் எரிப்பதற்கு அந்த வண்டியை அப்படியே காகிதத்தில் செய்து தரச் சொல்லியிருந்தாள். மாளிகை வேண்டாம், வேலைக்காரப் பொம்மை வேண்டாம், வண்டி போதும் என்றாள். பாதி கட்டியிருந்தேன். அதற்குள் உன் படத்தைப் பார்த்துவிட்டு, மாஸ்டரே போய்விட்டார் என்று லோவிடம் கொடுத்துவிட்டாள். போன வியாழன் சந்தையில் துள்ளுகிற மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே வந்தவள் கீரைப் பையைக் கீழே போட்டுவிட்டு, “மாஸ்டர், எப்ப திரும்பி வந்தீங்க” என்கிறாள். “நான் போகவே இல்லையேம்மா” என்றேன். அழுதுவிட்டாள். லோ வாங்கியதைத் திருப்பித் தர மாட்டான், இவளாலும் இன்னொரு முறை செலவழிக்க முடியாது. லோ வண்டியைக் கட்டிவிடுவான், சக்கரம் நான்கும் வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் மிளகாய் ஜாடியை வலது பக்கம் வைப்பான். பாங் இடது கைக்காரன். இருபது வருஷம் அவனிடம் சாப்பிட்டவன் சொல்கிறேன், அங்கே போய் அந்த மனுஷன் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கையைக் குறுக்கே நீட்டித் தடவிக்கொண்டிருப்பான். இது உன் பக்கத்தால் வந்தது. நம் தொழிலில் எரிப்பதற்குத்தான் காசு, எரிச்சல் இலவசம் என்று உன் தங்கை ஏதோ முணுமுணுக்கிறாள், அவளையும் கவனித்துக்கொள்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வந்து அந்த மாளிகையின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். அதை எரிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் மனம் வராது, மூலையில் நிற்கிறது. உன் அம்மா அந்தப் பக்கம் துடைப்பத்தைக் கொண்டு போவதே இல்லை, “உங்க வீட்டை நீங்களே பெருக்கிக்குங்க” என்று உன் தங்கையிடம் சொல்லி அனுப்புகிறாள். கட்டும்போது கட்டுகிறவன் கண்ணால் பார்த்திருந்தேன். என் பெயர் வாசலில் வந்த பிறகு குடியிருக்கப் போகிறவன் கண்ணால் பார்த்தேன். மேல் மாடியில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி. சுவர் அகலத்துக்குத் தொலைக்காட்சி. மீன் தொட்டி. மாஜாங் மேசை. இரண்டு வேலைக்காரர்கள். கோல்ஃப் குச்சி. நான் கோல்ஃப் ஆடுவேன் என்று உனக்கு யார் சொன்னது. நாற்காலியில் மல்லாந்தபடி ஒரு கிழவன் பொம்மை, தொப்பை எனக்கு இருப்பதில் பாதி, அதற்கு நன்றி. அந்தப் பொம்மையைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தேன், உட்காரவில்லை. முழங்காலை மடக்கவே இல்லை நீ. படுத்தே கிடக்கிற மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறாய். வீடு முழுக்கத் தேடினேன், கீழ் மாடி, மேல் மாடி, படிக்கட்டுக்கு அடியில்கூட. ஒரு வேலை மேசை இல்லை. ஒரு கத்தி இல்லை. பசைக் கிண்ணம் இல்லை. எத்தனை ஆயிரம் வருஷம் இருக்க வேண்டிய இடம் அது, நான் என்ன செய்வேன் என்று நினைத்தாய், மீனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேனா.

அப்போதுதான் நீ கூரியரில் அனுப்பிய ஒப்பந்தம் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. எல்லையைத் தாண்டி இருக்கிற ஒரு தொழிற்சாலை நம் வீடுகளைத் தட்டையாக அச்சடித்துப் பெட்டியில் போடும், நீ அங்கிருந்து விற்பாய், ஏழாவது பிரிவில் நான் கௌரவ ஆலோசகர். ஆலோசகர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உன்னிடம் கேட்டேன். “ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா, அதான் விசேஷமே” என்றாய். மாளிகையும் அதுதான், ஒப்பந்தமும் அதுதான், ஒன்று காகிதத்தில் கட்டியது, இன்னொன்று காகிதத்தில் எழுதியது. பெயர்ச்சீட்டைப் பார்த்து ஊர்க்காரர்கள் நான் செத்துவிட்டதாக நினைத்தார்கள், அவர்களை மன்னித்துவிடலாம். நீ வீட்டுக்குள்ளே ஒவ்வொரு சாமானாக யோசித்து யோசித்து வைத்திருக்கிறாய்.

நான் வளர்ச்சிக்கு எதிரி என்று உன் சிநேகிதிகளிடம் சொல்லாதே. பட்டறை என்கிற பலகையை எடுத்துவிட்டு ஸ்டுடியோ என்று நீ மாட்டியபோது ஏணியைப் பிடித்தவன் நான். காகிதத்தில் விளையாட்டுக் கருவி, முத்துப் போட்ட பால் தேநீர், ஓட்டக்காரர் செருப்பு, இதெல்லாம் உன் மூளை, எனக்குப் பெருமை, தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடம் சொல்லவில்லை அவ்வளவுதான். அச்சடித்த வீட்டையும் நான் வெறுக்கவில்லை. கையில் காசு குறைவாக இருப்பவர் வீட்டிலும் சாவு வருகிறது, பெட்டி வீடு அவர்களுக்கு ஆகட்டும். ஆனால் நம் கடை எப்படி இருபத்தாறு வருஷமாக நிற்கிறது என்று நீ யோசித்தாயா. வருகிறவர்களிடம் எவ்வளவு பெரிய வீடு வேண்டும் என்று லோ கேட்பான். நான் கேட்பது வேறு, காலையில எழுந்ததும் அவரு முதல்ல எதைக் கையில எடுப்பாருன்னு கேட்பேன். சிலர் சீப்பு என்பார்கள், சிலர் பறவைக் கூண்டு என்பார்கள், ஒரு அம்மாள் அரை மணி நேரம் யோசித்துவிட்டு என் கை என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் மூங்கிலை எடுப்பேன். அந்தக் கேள்விதான் உன் ஸ்டுடியோ. அச்சு இயந்திரம் அதைக் கேட்காது. உன் வலைப்பக்கமும் கேட்கவில்லை, அதில் அளவும் நிறமும்தான் கேட்கிறது, நான் பார்த்துவிட்டேன். என் பெயரில் ஒரு வீடு வரைந்தபோது நீயும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு எழுந்ததும் என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியாதா, பதினெட்டு வருஷம் பசை கிளறுகிற சத்தத்தில்தானே கண் விழித்தாய்.

ஆகையால் நான் செய்தது இது. முதலில் மாளிகையிலிருந்து அந்த நாற்காலியைப் பிடுங்கினேன். பொம்மையின் காலை ஒடித்து முழங்காலில் மடக்கி ஒட்டினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வேலை மேசை செய்து, கத்தி, ரம்பம், தூரிகை, பசைக் கிண்ணம் எல்லாம் நகத்தளவில் செய்து வைத்தேன், கோல்ஃப் குச்சியை வெட்டி மேசைக்குக் கால் வைத்தேன். (அக்கா, கட்டைவிரலில் கட்டுப் போட்டுக்கொண்டு நகத்தளவு ரம்பம் எப்படிச் செய்தீர்கள் என்று இப்போதுதான் கேட்டேன். எழுது என்கிறார்.) எழுது. புண் ஆறி நான்கு நாள் ஆகிறது. கட்டு சும்மா. பெயர்ச்சீட்டை எழுதியது யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும், மோக் என்று எழுதும்போது கடைசிக் கோட்டைப் பூனை வால் மாதிரி இழுத்து விடுகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான், அவள் இந்த வரியையும் வால் விட்டுத்தான் எழுதுகிறாள். ஒட்டுவது என் தொழில், ஒட்டுக் கேட்பதும் ஒட்டி விளையாடுவதும் அவள் தொழில். வாயால் மன்னிப்புக் கேட்டால் நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள், அதனால் முழுக் கதையையும் அவள் கையாலேயே எழுத வைத்தேன். நாளைக்கு அதே கை சீட்டை நனைத்து உரிக்கும், அதற்குப் பிறகு பாங் அம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லும். வண்டியை நானே முடித்துத் தருகிறேன், லோ கட்டுவதை அவள் வேண்டுமானால் கூடவே எரிக்கட்டும், பாங்குக்கு இரண்டு வண்டி இருந்தால் கிளை திறப்பான். நீ உன் தங்கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த மாதம் நீ செய்த ஒரே நல்ல காரியம் அது, அதற்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு சின்னதாக இருக்கிறது. (எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. வால் தானாக வருகிறது.)

ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். கௌரவ ஆலோசகர் என்பதை அடித்துவிட்டு, பட்டறைத் தலைவர் என்று எழுதியிருக்கிறேன். கேட்டுச் செய்கிற வேலை எல்லாம் இங்கேயே, பக்கத்து அறை காலியாகிறது, அதை எடுத்து இரண்டு ஆள் சேர்ப்போம், பெட்டி வீடு உன் பொறுப்பு, உன் பக்கத்தில் அளவுக்கு முன்னால் என் கேள்வியைப் போட வேண்டும். மற்றபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்குச் சம்மதமானால் நீயும் போட்டு ஏழாம் மாதத்துக்குள் அனுப்பு. சம்மதமில்லாவிட்டால் முழுதையும் எரித்துவிடு, ஒரு நாள் எனக்கு வந்து சேரும். அங்கே எனக்கு இப்போது மேசை இருக்கிறது, உட்கார்ந்து திருத்துகிறேன்.

உடம்பு நன்றாக இருக்க வேண்டும், தொழில் பெருக வேண்டும், நூறு வருஷம் இரு. வெயில் வந்தால் வெளியே போய் நில். உன் அம்மா உலர்ந்த ஆரஞ்சுத் தோல் அனுப்பியிருக்கிறாள், இருமலுக்கு, தேநீரில் போட்டுக் கொதிக்க வை, குளிர்பெட்டிக்கு மேலே வைத்து மறந்துவிடாதே. இதற்குக் கீழே இருக்கிற வரியை என் கட்டைவிரலால் நானே எழுதுகிறேன்.

இன்னும் கோபம் தீராத உன் அப்பா,
மோக் சாய்-கின்
(முகவரி: ஷாம் ஷுய் போ, இந்தப் பக்கம்)