பிளக்ஸில் இல்லாதவர்கள்

செப்டம்பர் 9, செவ்வாய்
அரிமளம்

காலையில் ஒரு காதுகுத்து பிளக்ஸ் டிசைன், மத்தியானம் ஒரு கண்ணீர் அஞ்சலி. நடுவில் சென்னைக்காரர்களின் குழந்தைப் புத்தகத்துக்கு ஒரு யானை. தும்பிக்கையை முடிப்பதற்குள் காதுகுத்து வீட்டிலிருந்து போன். "தாய்மாமன் மூஞ்சி சின்னதா இருக்காம், பெருசு பண்ணுங்க." பண்ணினேன். உடனே சித்தப்பா மூஞ்சி சின்னதாகிவிட்டதாம். அதையும் பண்ணினேன். காது குத்தப்போகிற குழந்தை இப்போது எலுமிச்சம்பழம் மாதிரி ஓரத்தில் கிடக்கிறது. அதன் அம்மா எங்குமே இல்லை.

இப்படிப்பட்ட எரிச்சலில்தான் சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண்களை வரைய ஆரம்பித்தேன். கூலிங் கிளாஸ், காதில் போன், நெஞ்சை நிமிர்த்தி ஒரு நடை. பிளக்ஸில் ஆம்பளைகள் நிற்பார்களே, அதே தோரணை. ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் இசைக்குழுக்கள் நாள் முழுக்க வாசிக்கின்றன. ஓவியர்களுக்கும் அங்கே மேஜை உண்டு. எனக்கும் ஒன்று கிடைத்துவிட்டது! இத்தனையிலும் பெரிய படம் அம்மாதான்.

அதைத்தான் இன்று பெரியப்பா பார்த்துவிட்டார்.

"கண்காட்சி போடு, வேணாங்கல. ஒங்காத்தா படத்த மட்டும் அங்கிட்டுத் தொங்கவிடக் கூடாது. வீட்டுப் பொம்பளைய நாலு பேரு வேடிக்கை பாக்கவா?"

அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அப்பாவின் அண்ணன் முன்னால் அவள் வரமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கே அப்படித்தான். எதுவானாலும் நான்தான் நடுவில் தபால்காரி.

செப்டம்பர் 11, வியாழன்

குவைத்திலிருந்து அப்பா போன் செய்தார். "பெரியப்பா சொல்றதக் கேளும்மா." அவ்வளவுதான். அதற்குள் அவருக்கு ஷிப்ட் வந்துவிட்டது.

அம்மாவிடம் கேட்டேன். "நீ சொல்லு. ஒன் படத்த வைக்கவா, வேணாமா?"

"ஒங்க பெரியப்பா வேணாங்குறாகள்ல."

"அவுக சொன்னது எனக்குத் தெரியும். நீ என்னா சொல்ற?"

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். போகிற போக்கில் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கவனித்தது அவளுக்குத் தெரியாது.

செப்டம்பர் 13, சனி

வைக்கிறேன். அம்மா தன் வாயால் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் எடுப்பேன். வேறு யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன். எழுதிவைத்துவிட்டேன், இனி பின்வாங்க முடியாது.

செப்டம்பர் 15, திங்கள்

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, காதுக்குள் இன்னும் டிரம்ஸ்.

என் மேஜைக்குப் பின்னால் கட்ட ஒரு பிளக்ஸ் வேண்டுமே என்று, என் டிசைன்களை அச்சடிக்கும் அறந்தாங்கி கண்ணுசாமி அண்ணன் கடையில் அடிக்கச் சொல்லியிருந்தேன். 'சுடர்விழி ஓவியங்கள்', கீழே ஒரு தூரிகை, அவ்வளவுதான். காலையில் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார். மண்டபத்தில் பிரித்தால் தலை சுற்றிவிட்டது. என் பெயருக்குக் கீழே வரிசையாக எங்கள் வீட்டு ஆம்பளைகள்! நடுவில் கூலிங் கிளாஸுடன் பெரியப்பா. 'அன்புடன் வரவேற்கிறோம்.'

போன் போட்டேன்.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன் தாயி. ஆம்பளைக மூஞ்சி இல்லாம மொட்டையா இருந்துச்சு. போன மாசக் கல்யாண பிளக்ஸ்லருந்து நானே எடுத்துச் சேத்துட்டேன். பெரியப்பாட்டயும் சொல்லிட்டேன், சந்தோஷப்பட்டாக."

என்னத்தைச் சொல்ல? மனுஷன் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். ஆனா பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. என் படத்துக்குமா இவுக வரவேற்பு? நான் தனியா நின்னா மொட்டையா? மேடையில் முதல் குழு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. பையில் இருந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்தேன். ஒவ்வொரு முகமாக அழித்தேன். பெரியப்பா முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அழித்தேன். பெயர்களை மட்டும் விட்டேன். அந்த வெள்ளைத் திட்டுகளுக்கு மேலே பெண்களின் படங்களைத் தொங்கவிட்டேன், நடுவில் அம்மா.

அப்புறம் நிற்க நேரமில்லை. திருச்சிக் குழு ஒன்று கிடாரில் கிழித்தது. கேட்டுக்கொண்டே ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அவள் அத்தையை வரைந்து கொடுத்தேன். "இந்த வெள்ளையா இருக்கிறவங்க யாருக்கா?" என்று எல்லோரும் கேட்டார்கள். "படத்தில இருக்கிறவங்களோட வீட்டுக்காரங்க" என்றேன். சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு.

மத்தியானம் வாசலில் பெரியப்பா. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தன் முகத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பின்னால் சோற்றுத் தூக்கோடு அம்மா. அவர் காரிலேயே வந்திருக்கிறாள்.

அவர் தேடினார். பெயர் இருந்தது, முகம் இல்லை. அதற்கு மேலே அம்மா, காதில் போனோடு.

"என் மூஞ்சிய அழிச்சியா?"

"ஆமா பெரியப்பா."

"எதுக்கு?"

"நான் வரைஞ்ச படத்துக்கு நான் மட்டும் போதும்னு."

"வாய் நீளுது. மொதல்ல அந்தப் படத்த எறக்கு."

"மாட்டேன்."

"ஒங்காத்தாளக் கேளு, அது சொல்லும்." அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அப்படியும் என்னிடம்தான் சொன்னார். அம்மா வேண்டாம் என்றால் நான் எடுத்தாக வேண்டும். மேடையில் அடுத்த குழு ஏறிக்கொண்டிருந்தது. டிரம்ஸில் குளத்தூர் அன்புச்செல்வி. நான் பார்க்கக் காத்திருந்ததே அவளைத்தான். அவள் ஒரு அடி அடித்துப் பார்த்தாள், மண்டபமே திரும்பியது. அம்மாவும் திரும்பினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் அத்தனை டிரம்ஸுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதை நன்றாகப் பார்த்தாள். தூக்கை மேஜையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மாமா," என்றாள் அவரைப் பார்த்து, "அது எம் மூஞ்சி. எறக்கணும்னா நான் சொல்லுவேன். இப்பச் சொல்லல."

பெரியப்பா படத்தில் இருந்த அம்மாவையும் எதிரில் நின்ற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டாக இருந்தால் பதில் வைத்திருப்பார். அந்தக் குரலையே அவர் நேராகக் கேட்டதில்லையே.

அதற்குள் அந்தக் கல்லூரிப் பெண் தன் தோழிகளோடு வந்துவிட்டாள். "படத்துல இருக்கிறது நீங்கதானாம்மா!" அம்மாவை நடுவில் நிறுத்தி செல்பி. ஒருத்தி பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அரிமளத்தில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான்... இது எந் தம்பி சம்சாரம்."

"அப்ப நீங்களும் வாங்க ஐயா!"

வேண்டாம் வேண்டாம் என்றவர் போய் ஓரமாக நின்றார். கேமராவைப் பார்த்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்க் கூலிங் கிளாஸை எடுத்தது. எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிவரை அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அன்புச்செல்வி அடித்த அடியில் அம்மா தொடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "யாத்தே, இந்தப் புள்ள என்னா அடி அடிக்குது!"

நான் பயப்பட்டேன்தான். ஆனாலும் எறக்கல. எறக்கவே இல்ல.

செப்டம்பர் 22, திங்கள்

பெரியப்பா இன்னும் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும். யானை முடிந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் பெரியப்பாவிடமிருந்து போன். அவர் மகள் ஹரிணியின் குழந்தைக்குக் காதுகுத்து. வழக்கம்போல ஆம்பளைகள் பெயராகச் சொன்னார். ஹரிணி படத்தைப் போடவா என்றேன். "போடு, போடு" என்றார், ஏதோ எப்போதும் போடுவது மாதிரி. வைக்கப்போகும்போது இருமினார். "ஒங்காத்தாகிட்ட... சரி, நீ வேணாம். போன அதுகிட்டக் குடு, நானே கேட்டுக்குறேன்."

கொடுத்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "சரி மாமா, எம் படமும் இருக்கட்டும். ஓரத்துலன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் முன்னறைக்குப் போனால், பட்டுப்புடவையில் அப்பாவின் பழைய கூலிங் கிளாஸோடு நிற்கிறாள்.

"எடு. காதுல போன் வேணும்ல, ஒன்னதக் குடு."

"குடுத்துட்டா எதுல எடுக்குறது?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்தாள், நெஞ்சை நிமிர்த்தி ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

பிளக்ஸில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில், அதே அளவில் போட்டிருக்கிறேன். ரிமோட்டை மாற்றவில்லை.