சம்மதிக்காத தந்தையின் வாக்குமூலம்

அன்புள்ள மகளுக்கு (முதற்சொல் வழக்கம் கருதி எழுதப்பட்டது),

இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமாக இருப்பதாக ஒவ்வொரு முறையும் தொலைபேசியை வைத்த பிறகு உன் அம்மா அறிவிக்கிறாள். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லாததால் ஏற்றுக்கொள்கிறேன். அவளுடைய இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. என்னுடையதை உயர்த்தும் பொறுப்பை நீ எடுத்துக்கொண்டிருப்பதால் மருத்துவர் எனக்கு மட்டும் மாத்திரையை மாற்றியிருக்கிறார். உன் அறையின் ஜன்னல் கொக்கி கழன்று காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்துவிட்டேன். இதை நீ சலுகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சத்தம் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கணவரை அங்கே அழைத்துக்கொள்ளும் விசாவுக்காக நீ மின்னஞ்சலில் அனுப்பிய வாக்குமூல வரைவு கிடைத்தது. ‘எங்கள் முழு மனத்துடனும் ஆசியுடனும் நடைபெற்ற திருமணம்’ என்று என் பெயரில் நீயே எழுதி, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடும் போட்டிருக்கிறாய். முழு மனம் என்பது பொய். அரை மனமும் இருக்கவில்லை. ஆசி கேட்கப்படவில்லை, ஆகவே தரப்படவில்லை. ‘நடைபெற்ற’ என்பது ஒன்றுதான் உண்மை, அதுவும் விமான நிலையத்திலிருந்து நீ பேசியபோது தெரிந்துகொண்டது; திருமணம் ஆகிவிட்டது, விமானம் ஏறப்போகிறேன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாய், எதற்கு முதலில் கோபப்படுவது என்று தீர்மானிக்கக்கூட எனக்கு அவகாசம் தரவில்லை. நாலு வரிதானேம்மா, கையெழுத்துப் போட்டா அப்பா தேஞ்சா போயிடுவார் என்று உன் அம்மாவிடம் கேட்டாயாம். தேய்ந்துதான் போவேன். இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளில் எது மெய், எது புனைவு என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே காப்பீட்டு நிறுவனம் எனக்குச் சம்பளம் தருகிறது. பொய் வாக்குமூலம் கொடுத்தவர்களை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவன், அதே நாற்காலியில் போய் உட்கார மாட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை உன் கணவர் விசாக் கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வாசற்படியிலேயே நின்றார். உன் அம்மா உள்ளே வரச் சொன்னாள், சார் இன்னும் சொல்லலையே என்றார். சார் என்ன சார், மாமான்னு கூப்பிடுங்க என்று அவள் திருத்தினாள். சார் என்பதே பொருத்தமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கோப்பைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பார்த்தேன். உன் விண்ணப்பத்தை விசா அலுவலகம் திருப்பி அனுப்பியது எனக்கு வியப்பளிக்கவில்லை, நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன். திருமணம் உண்மையானது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, அடுத்த மாத இறுதிக்குள் கொடுக்காவிட்டால் கோப்பு மூடப்படும் என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மூடப்பட்டால் நீ அங்கும் அவர் இங்குமாக இருக்க வேண்டும், அல்லது இத்தனை படித்துப் பெற்ற வேலையை உதறிவிட்டு நீ திரும்ப வேண்டும். இரண்டாவது நடக்க நான் விடமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், உன்மீதுள்ள கோபம் வேறு, உன் படிப்பின்மீதுள்ள மதிப்பு வேறு.

அந்தக் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேள். புகைப்படம் என்ற தலைப்பில் ஒரு கட்டுப் படங்கள் இருக்கின்றன. ஒரு படத்தில் பூங்கா பெஞ்சில் நீ, அடுத்த படத்தில் அதே பெஞ்சில் அவர். ஒரு படத்தில் கடற்கரையில் நீ, அடுத்ததில் அதே அலைக்கு முன்னால் அவர். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். யார்கிட்டயாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னா அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்திடுவாங்களோன்னு பயம் சார், அதனால ஒருத்தரை ஒருத்தர் எடுத்துக்கிட்டோம் என்றார். குறுஞ்செய்திகளை எல்லாம் நான் பார்த்துவிடுவேன் என்று அன்றன்றே அழித்திருக்கிறீர்கள். திருமணச் சான்றிதழில் சாட்சி என்று கையெழுத்திட்டிருப்பவர் பதிவு அலுவலக வாசலில் நகல் எடுக்கும் கடைக்காரர், அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீங்கள் மறைத்தே விட்டீர்கள், இப்போது தோண்டி எடுக்க வழி தெரியாமல் என் வாசலில் வந்து நிற்கிறீர்கள். இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், இந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று எழுதி மூடியிருப்பேன்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் தலைகுனிந்து படங்களை அடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் உன் அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரும் பார்க்கலையா, ஏங்க, இவங்க பின்னாடியே துப்பறியும் வேலை பார்த்தீங்களே நீங்க, ஆபீசுக்கு லீவு போட்டுட்டுப் போய் பஸ் ஸ்டாப்ல ஒளிஞ்சு நின்னீங்களே, உங்களை விட்டா இந்த உலகத்துல வேற யாரு சாட்சி என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதைச் சற்று நேரம் கழித்து உணர்ந்தேன். எழுந்து சென்று பீரோவைத் திறந்து, உன் கணவரின் லிஃப்ட் நிறுவன மேலாளருக்கு நான் அனுப்பிய புகார்க் கடிதத்தின் நகலையும், பதிவுத் தபால் ஒப்புகைச் சீட்டையும், புகாரை ஏற்று அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டோம் என்று வந்த பதிலையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். ‘தங்கள் பழுதுபார்ப்பாளர் என் மகளுடன் பழகிவருகிறார், அவளையே மணக்கப்போவதாக என் முகத்துக்கு நேரே கூறினார்’ என்று அதில் தேதியிட்டு எழுதியிருக்கிறேன். அக்கடிதத்துக்காக நான் வருந்தவில்லை. இன்று எழுதினாலும் ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன். அவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, தெரியும் சார், மேனேஜர் அப்பவே படிச்சுக் காட்டினார், எங்க ரெண்டு பேர் பேரும் ஒரே பேப்பர்ல இருந்தது அதுதான் முதல் தடவை, ஒரு காப்பி கேட்டேன், தரமாட்டேன்னுட்டார் என்றார். உன் அம்மா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

என் தொழிலில் ஒன்று கற்றிருக்கிறேன். எல்லாரும் ஒரே குரலில் வாழ்த்திச் சொல்லும் கோப்பை நாங்கள் நம்புவதில்லை, சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார்கள் என்று கொள்வோம். கோரிக்கையாளரை அறவே பிடிக்காத அண்டைவீட்டார் ஒருவர் வந்து, அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆனா வீடு எரிஞ்சது நிஜம் என்று சொன்னால் அன்றே கோப்பை முடித்துவிடுவோம். ஆகவே உன் வரைவைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே எழுதினேன்: ‘இத்திருமணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. திருமணத்துக்கு முன்பே இவ்விருவரின் பழக்கத்தை அறிந்து, அதைத் தடுக்க என்னால் இயன்ற எல்லா முயற்சிகளையும் செய்தேன். அவற்றுள் ஒன்றின் எழுத்துச் சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்ட பின்னரும் அவர்கள் பிரியவில்லை. பொய்யான உறவாக இருந்திருந்தால் என் முயற்சிகளில் ஒன்றாவது பலித்திருக்கும்.’ நோட்டரி வக்கீல் இதை இருமுறை படித்துவிட்டு, சார், இது விசா கொடுக்கச் சொல்றதா, கொடுக்க வேண்டாம்னு சொல்றதா என்று கேட்டார். நடந்ததைச் சொல்வது, முத்திரையிடுங்கள் என்றேன். வாக்குமூலப் படிவத்தில் உன் கணவருக்கும் எனக்கும் உள்ள உறவு என்ன என்று ஓர் இடம் இருந்தது. வெறுமையாக விட்டிருந்தேன், இதை நிரப்பணும் சார் என்று திருப்பிக் கொடுத்தார். இடம் விடப்பட்ட பத்திரங்களை நானே எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவரிடம் வாதாட முடியவில்லை. மருமகன் என்று எழுதினேன். சட்டப்படி அது உண்மை. கையெழுத்திடும் இடத்தில் பொய் எழுத எனக்குத் தெரியாது.

மூலப் பிரதிகள் உன் கணவரிடம் தரப்பட்டுள்ளன, நகல்கள் என்னிடம் உள்ளன. சம்மதிக்கவில்லை என்ற வரியை நயமாக்க நினைத்து மாற்றாதே, அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்கு மதிப்பில்லை. கோப்பில் அதையே முதல் தாளாக வை. அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உன் அம்மாவுடன் வாரம் தவறாமல் பேசு. என்னுடன் பேசுவது பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நீ நீண்ட ஆயுளுடனும் நல்ல உடல்நலத்துடனும் இருக்க வாழ்த்துகிறேன், இது உனக்கான வாழ்த்து, உன் முடிவுக்கானது அன்று. நேர்காணலில் உன் தந்தை இத்திருமணத்தை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்பார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லை என்று சொல். அவர்கள் நம்புவார்கள்.

இப்படிக்கு,
உன் முடிவோடு உடன்படாத,
உன் தந்தை