பொறுமைசாலி யார்?

நேற்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் நம் மகள், மாப்பிள்ளை, சமைத்துப் போட வந்த நான். உங்களுக்கு என் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? இங்கே கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நலம்.

நற்குணங்களைக் கணிதமாக எழுதி, நிரூபணம் சரியா என்று கணினியை விட்டுச் சோதிப்பதுதான் நம் மகளின் ஆராய்ச்சி. தன்னைச் சீண்டும் எவரிடமும் கோபப்படாதவர் பொறுமைசாலி என்று எழுதியிருந்தாள்.

"சீண்ட ஆளே இல்லாதவங்க?" என்றேன்.

"கோபப்பட ஆளே இல்லையே, கணக்குப்படி அவங்களும் பொறுமைசாலிதான்மா."

"அடியே, நான் இங்க வந்து நாற்பத்தொரு நாளா உங்கப்பா வீட்டுல தனியா, சீண்ட ஆளில்லாமதான் இருக்கார். அவரா பொறுமைசாலி?"

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகம் மாறிவிட்டது. ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறதாம். திருத்தி முடிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும், "அதுவரை இரும்மா" என்கிறாள். அவள் ஆராய்ச்சியில் ஓட்டையைக் கண்டுபிடித்ததில் எனக்கும் பெருமைதான்.

சாமி விளக்குக்குத் திரி அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. நான் இருக்கட்டுமா, வரட்டுமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.