சாவி யார் கையில்

ஐப்பசி 14, வெள்ளி.

நிருபர் வேலையில் எத்தனையோ பார்த்தவன். இன்றைய ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் ஓட்டும் மேரி, சின்னக் கார் ஒன்று பார்க்க என்னையும் காஞ்சிபுரம் ஷோரூமுக்கு அழைத்துப் போனார். அவருடைய அம்மாவுக்கு மூச்சுத்திணறல். இரவில் கூப்பிட்டால் காலனிக்குள் ஆட்டோ வருவதில்லை.

புதுக் கார் முன்னால் நின்றோம். சேல்ஸ்மேன் சாவியை என்னிடம் நீட்டினான். எனக்கு ஓட்டவே தெரியாது, வாங்குபவர் இவர்தான் என்றேன். எந்த ஊர் என்று கேட்டான். உத்திரமேரூர் பக்கம் காலனி என்று மேரி சொன்னதும், "உங்களுக்கு செகண்ட்ஸே போதும்மா, பின்னால நிக்குது" என்றான்.

அந்தப் பழைய காரின் சீட் பெல்ட்டை மேரி கடைசிவரை இழுத்தார். அடியில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

"இன்னா நைனா, பெல்ட்டுல நாத்து நட்டுக்கினு கீறியா? ராத்திரில இது நின்னுட்டா எங்கம்மாவ நீ தூக்கிக்கினு ஓடுவியா?"

விடுவிடுவென்று போய்ப் புதுக் காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். "சாவியக் குடு."

அவன் அதை மறுபடியும் என் கையில்தான் வைத்தான். மேரி என்னிடமிருந்து வாங்கி ஓட்டினார். வழியெல்லாம் அவன் என்னிடமே மைலேஜ் சொல்லிக்கொண்டு வந்தான்.