விரட்டிவிட்ட உள்ளான்கள்

நெய்வேலி,
25.1.2016

அன்புள்ள ஹரிக்கு,

அப்பா பிழைத்துக்கொண்டார், வீட்டில் ரசம் சாதம் சாப்பிடுகிறார், இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. நீயும் சண்முகப்ரியாவும் அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லப் பார்த்தேன், பாதியிலேயே போனை வைத்துவிட்டேன்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மந்தாரக்குப்பம் போய்வரும் வழியில் ஏரி மதகோரம் விற்றார்கள் என்று அப்பா காடை வாங்கி வந்தார், உரித்துச் சுத்தம் செய்ததுதான். பாதியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மீதியை மிளகு போட்டு வறுத்தேன். எனக்குப் பல்வலி, தொடவில்லை. சாப்பிட்டு எழுந்தவருக்கு வேர்த்து ஊற்றியது, எச்சில் நூலாக வடிகிறது, டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறுகிறது. பக்கத்து குவார்ட்டர்ஸ் குஞ்சிதபாதம் சார்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வயலுக்குப் போடும் பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் கையால் அல்லவா வறுத்துப் போட்டேன். மறுநாள் கண் திறந்தவர் குழறிக் குழறி, நீ திங்கலையே என்றுதான் முதலில் கேட்டார்.

டாக்டர் தகவல் சொல்லி வனத்துறையிலிருந்து அய்யனார் என்பவர் வந்தார். ஃபிரிட்ஜில் இருந்ததைப் பார்த்ததுமே, இது காடை இல்லீங்கம்மா, உள்ளான், ஏரிக்கு வர்ற பறவை என்றார். விற்றவனை நாலு கேள்வி கேட்க நானும் கூடப் போனேன், அவன் ஓடிவிட்டிருந்தான். ஆனால் ஏரியைப் பார்த்ததும் அவனையே மறந்துவிட்டேன். கணுக்கால் தண்ணீரில், கண்ணுக்கெட்டிய வரை, சேற்றில் அலகு புதைந்தபடி உள்ளான்கள் செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் எழுந்து எழுந்து கவிழ்ந்தது, அப்பா கையில் பார்த்த அதே உதறல். பனி நாட்டுல குஞ்சு பொரிச்சுட்டு மழைக்காலத்துல இங்க வந்துடும், ஆழத் தண்ணி ஆவாதுங்க, சேத்துல அலக வுட்டு புழு தேடிக்கினு இருக்கும், புடிச்சு விக்கிறவனுங்க அந்தப் புழுவுலதான் மருந்தத் தடவி வீசியிருக்கானுங்க என்றார் அய்யனார்.

அவர் செத்த பறவைகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே, மேலே இன்னொரு உள்ளான் கூட்டம் வட்டமடித்து அந்தச் சேற்றுக்கே இறங்க வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டேன். கையைத் தட்டி, போ போ என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை நாடு தாண்டி வந்ததுகளை இறங்கவிடாமல் விரட்டினேனடா. அவை உயரப் போய்க் கண்ணுக்கு மறைகிற வரை கத்திக்கொண்டே இருந்தேன், அய்யனார்தான் கைபிடித்துக் கரையேற்றினார்.

இந்த மாதம் அப்பா ஷிஃப்டுக்குப் போகக்கூடாதாம். போன் செய்தால் அவரைத் திட்டாதே, ஏற்கெனவே குன்றிப் போயிருக்கிறார். கண்ட இடத்தில் கறி வாங்காதே. முருகன் உங்கள் இருவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
கோமதி