பாதியில் போனை வைத்துவிட்டுப் போகிறவர்

செப். 8, திங்கள்
விடாத மழை. எங்கள் லேக் கார்டன்ஸ் தெருவில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்து ஆட்டோ ஏறி, ஒருவழியாக சால்ட் லேக் ஆபீஸ்.

வாங்க வேண்டியது: பெருங்காயம், அப்பா மாத்திரை, குடை (மறுபடியும்!).

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்யும் டயாலிசிஸ் ஆப் துர்கா பூஜைக்கு முன் வெளிவர வேண்டும். பூஜை வாரத்தில் ரோடெல்லாம் அடைப்பு. தோதான நேரத்தை நோயாளிகளே ஆப்பில் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறது ஆஸ்பத்திரி. அப்பாவும் டயாலிசிஸுக்கு அங்கேதான் போகிறார். முன்பெல்லாம் டெஸ்டிங் என்றால் விரல் தேய நாங்களே அழுத்துவோம். இப்போது ஏ.ஐ. ஏஜென்ட். நோயாளி மாதிரி அதுவே ஆப்பைத் திறந்து, அழுத்தி, எங்கே உடைகிறது என்று சொல்லிவிடுகிறது. இருட்டுவதற்குள் வீடு. அப்பாவோடு சூடாகச் சாப்பாடு. அந்த ஏஜென்ட்டுக்குச் சுற்றிப் போட வேண்டும்.

செப். 9, செவ்வாய்
ரிப்போர்ட் வந்தது. எல்லாம் பச்சை, ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பார்த்தால், நாங்கள் ஏஜென்ட்டுக்கு எழுதிக்கொடுத்த நோயாளிகள் அத்தனை பேரும் எங்களைப் போலவே டக் டக்கென்று அழுத்துகிறவர்கள். எங்கள் அசட்டுத்தனம்.

புதிதாக ஒருவரை எழுதினேன்: "வயது எழுபதுக்கு மேல். கண்ணாடியைத் தேடுவார். நேரத்தைத் தொட்டுவிட்டு, பாதியில் போனை வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் ஃபுட்பால் பேசுவார். திரும்பி வந்துதான் உறுதி செய்வார்." யாரென்று குறிப்பிடவில்லை.

செப். 10, புதன்
சிவப்பு! நான் எழுதிய பெரியவர் பேசிவிட்டு வருவதற்குள் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது. இவருக்கும் 'உறுதி' என்றே காட்டுகிறது. ஒரு மெஷின், இரண்டு நோயாளி. கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து நிற்கிறவரைத் திருப்பி அனுப்புவதா?

டீம் லீட் சௌமிக்-தா (இங்கே 'தா' என்றால் அண்ணன்) தலையைப் பிடித்துக்கொண்டார். "ஆரே, பாதியில போனை வெச்சிட்டு யார் போவாங்க?"

"எங்க அப்பா."

தலையிலிருந்து கையை எடுத்தார். "எங்க அம்மாவும்தான்," என்றார். ரிலீஸ் தள்ளிவைப்பு. மேலிடத்தில் திட்டு அவருக்குத்தான். நல்ல மனுஷன்.

செப். 15, திங்கள்
வெயில். துணி காய்ந்தது. தப்பைச் சரிசெய்து, ஏஜென்ட்டை மறுபடி ஓட்டி, பெரியவர் உட்பட பச்சை. ஆப் வெளியே போயாயிற்று.

செப். 16, செவ்வாய்
தானே புக் செய்வதாக அப்பா பிடிவாதம். சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜையின் அஷ்டமி நாள் காலையைத் தொட்டார். போனை வைத்தார். பால்கனிக்குப் போய், பக்கத்து வீட்டு போஸ் காக்குவோடு ஃபுட்பால் பேச ஆரம்பித்துவிட்டார்.

வந்து பார்த்தால், 'நேரம் கடந்துவிட்டது, மீண்டும் தேர்வு செய்யவும்.' முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தொட்டார். கிடைத்தது. அஷ்டமி, விடியற்காலை. அவருக்கு மட்டும்.

"பரவால்லம்மா, உங்க ஆபீஸ்ல எவனோ என்னை மாதிரி மந்தத்தையும் நெனச்சுப் பாத்திருக்கான். நல்லா இருக்கட்டும் அவன்."

டீ கேட்டார். டாக்டர் சொன்ன கணக்கு அரை டம்ளர். இன்று முக்கால் கொடுத்தேன்.