இரண்டு மூட்டைக் காட்டாமணக்கு

7.5.1980, புதன். மருங்காபுரி.

வெயில். காலை எட்டு மணிக்கே கிணற்றடிக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. காட்டாமணக்குக் கொட்டை உடைக்கும் வேலை இன்றோடு முடிந்தது. ஓடு நீக்கிய பருப்பு இரண்டு மூட்டை. அம்மாவும் நானும், இருபது நாள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். நாலு பருப்பு தின்றால் போதும், வாந்தி, பேதி.

எல்லாம் நான் ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பில் நூலகப் புத்தகம் ஒன்றை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லுத் தரையில் வளரும், ஆடு மாடு கடிக்காது, எண்ணெயில் எஞ்சின் ஓடும். அப்பா கல்லாங்காடு முழுக்க நட்டார். ஊரில் ஒரே சிரிப்பு. "வேலிக்கு வைக்கிறதத் தோட்டமா வெச்சிருக்காரு. உள்ள எதக் காவல் காக்கப் போறாரு?"

அப்பா துவரங்குறிச்சியிலிருந்து காலிக் கேனோடு வந்தார். டீசல் இல்லை. மூன்றாவது தடவை. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. தண்ணீர் பாய்ச்சி ஆறு நாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, எஞ்சின்தான் சும்மா கிடக்கிறது. மெக்கானிக் காசி அண்ணன்: "கிளப்பறதுக்கு ஒரு லிட்டர் டீசல் என்கிட்ட இருக்கு. நீங்க இந்த எண்ணெயக் கொண்டாங்க மாமா. பத்து நாள் ஓட்டிக் காட்டறேன்."

9.5, வெள்ளி.

ஊர் மில்லில் ஆட்ட முடியாது என்றுவிட்டார்கள். மணப்பாறையிலும். புத்தகத்திலிருந்து எழுதி வைத்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கலாம் என்று ஒரே ஒரு வரி. யாருடைய செக்கில் என்று இல்லை. இரண்டு வருஷமாக எனக்கும் அது தோன்றவில்லை.

11.5, ஞாயிறு. ஸ்ரீரங்கம், சித்தி வீடு.

மூட்டைகள் பஸ் மேலே, அப்பாவும் நானும் உள்ளே. வழியெல்லாம் மூட்டை விழுந்துவிடுமோ என்று பயம். மொட்டைக் கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கிறார்கள். சித்தி மூட்டையைப் பிரித்துப் பார்த்து, "ஏண்டி, பாதாம் பருப்பு மாதிரில்ல இருக்கு? எங்க வாண்டுங்க கைய விட்டா என்ன ஆகும்?" வாயை இறுக்கிக் கட்டி மாடிப்படிக்குக் கீழே தள்ளி, முன்னால் தண்ணீர்த் தவலையை வைத்துவிட்டாள். ராத்திரி மாம்பழம். எனக்கு இரண்டு.

12.5, திங்கள்.

வாடகைக் கைவண்டி. மூன்று மில்.

1. தென்னூர்: "விஷக் கொட்டைய என் செக்குல போட்டா நாளைக்கு எவன் என்கிட்ட நல்லெண்ணெய் வாங்குவான்?"

2. பெரிய கடைவீதி: "கழுவினாப் போகாது பெரியவரே. மரம் எண்ணெயக் குடிச்சு வெச்சிருக்கும்."

3. பாலக்கரை: வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை. "உங்க பொண்ணு படிச்சுச் சொல்லுச்சா? நல்லாப் படிக்கட்டும்." சிரிப்பு வேறு.

மூன்று பேரும் சொன்னது நியாயம். அதுதான் கஷ்டம். யார் மேலும் கோபப்பட வழியில்லை.

முதல் மில்லில் அப்பா "காட்டாமணக்கு" என்று சத்தமாகச் சொன்னார். மூன்றாவதில் "ஒரு விதைங்க" என்றார்.

13.5, செவ்வாய்.

ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்ன மில். முதலாளி வெளியூர். அவர் மனைவி உட்கார்ந்திருந்தார், கையில் பனையோலை விசிறி. "இந்த வெயில்ல வந்திருக்கியேம்மா," என்று எனக்கு மோர் கொடுத்தார்.

"என்ன பருப்புங்க?"

"ஆமணக்கு," என்றார் அப்பா.

விளக்கெண்ணெய்க்கு ஆமணக்கு ஆட்டுகிற மில் அது. ஓடு நீக்கிய வெள்ளைப் பருப்பு, பார்த்தால் தெரியாது. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

"சரி, கொட்டச் சொல்றேன். சீக்கிரம் முடியட்டும், அடுத்து எங்களோடது போடணும். மக பிள்ள பெத்து வந்திருக்கா. குழந்தைக்கு நாக்குல தடவ நம்ம செக்கு விளக்கெண்ணெய்தான் வேணுங்கறா."

ஆள் மூட்டைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது காட்டாமணக்கு."

முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாம் தடவை கேட்டுவிட்டது. அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். திட்டவில்லை. என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "எடுத்துட்டுப் போங்க."

அப்பா இழுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். சித்தி வீட்டுத் தெருமுனையில் அப்பா, "வெயிலு. தலையில துண்டப் போட்டுக்க பாப்பா."

15.5, வியாழன். மருங்காபுரி.

காசி அண்ணன் ஸ்பேனரோடு காத்திருந்தார். "எண்ணெய் எங்க மாமா?"

"ஆகல."

அப்பா அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அம்மா: "வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? அவங்களக் குடிக்கவா சொன்னோம்?"

அப்பா: "விடு. அவ சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேன்."

சொல்லியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

18.5, ஞாயிறு.

பேனாவில் மை தீர்ந்தது, இது பென்சில்.

கிணற்றிலிருந்து இறைத்துக் குடத்தில் ஊற்றுகிறோம். நான் நாற்பது நடை, அம்மா அறுபது. நாலு பாத்திக்குத்தான் ஆயிற்று. மற்றதெல்லாம் இலை சுருண்டுவிட்டது, பிஞ்சு தொட்டால் உதிர்கிறது. எந்த நாலு பாத்தி என்று அப்பா காலையில் காட்டினார். அப்புறம் மற்ற பக்கம் அவர் போகவே இல்லை. தோள்பட்டை வலி. மூட்டைகள் மாட்டுக் கொட்டகையில்.

19.5, திங்கள்.

மழை இல்லை. இன்று மூன்று பாத்தி.

சாயங்காலம் கல்லாங்காட்டுப் பக்கம் போனேன். சித்திரையில் பெய்த ஒரே மழைக்குக் காட்டாமணக்கு பச்சைப் பசேலென்று நிற்கிறது. நாங்கள் ஒரு குடம் ஊற்றியதில்லை. கொத்துக் கொத்தாகப் புதுக் காய், போன தடவையைவிட அதிகம். வீட்டில் சொல்லவில்லை.